கிள்ளான் சுவரில் மாட்டிய பலகை

மாணிக்கம் அண்ணன் கையை உடைத்தது நான்தான். பிடித்துத் தள்ளவில்லை. தள்ளியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்க மாட்டேன். டிசைனில் பிஎச்.டி. செய்யப் போகிறோம் என்று யோசனை கேட்டு வரும் பிள்ளைகளிடம் இத்தனை வருஷமும் என்னென்னவோ பேசி அனுப்பினேன். இதை மட்டும் சொன்னதில்லை. இப்போது ஓய்வு பெற்றாயிற்று, இனி யாருக்குப் பயம்?

1. மேசை

தொண்ணூறுகளின் தொடக்கம். கோலாலம்பூரில் ஒரு கலைக் கல்லூரியில் கிராஃபிக் டிசைன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் டாக்டர் என்றால் ஸ்டெதஸ்கோப் மாட்டியவர் மட்டும்தான். "படம் கீறுறதுக்கும் டாக்டர் பட்டமோ?" என்று பெரியம்மா எல்லார் முன்னாலும் சிரித்தார். அந்த ரோஷத்திலேயே இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதி நேரமாகப் பதிந்தேன். ஆராய்ச்சி இங்கே, சூப்பர்வைசர் அங்கே, இடையில் ஃபேக்ஸ்.

தலைப்பு, கண் தெரியாதவர்கள் விரலால் தடவிப் படிக்கும் தெரு வரைபடம். கிள்ளான் பஸ் நிலையத்தை ஒட்டிய கடைவரிசை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் சாலைகளையும் நடைபாதையையும் பிளைவுட்டில் மேடாகச் செதுக்கினேன். சோதித்துப் பார்க்க, கிள்ளான் பழக்கமில்லாதவர்கள் வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் மசாஜ் வேலை செய்த ஆறு பேர் ஒப்புக்கொண்டார்கள். அதில் கெட்டிக்காரர் மாணிக்கம் அண்ணன். செமினி ஊர்க்காரர், பிறவியிலேயே பார்வை இல்லை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்.

சனிக்கிழமை மதியம் கஸ்டமர் வருவதற்குமுன் மசாஜ் கடை மேசையில் பலகையை வைப்பேன். "அண்ணே, நீங்க கிள்ளான்ல கடைக்கு வெளியில நிக்கிறீங்க, ரோடு உங்களுக்கு முன்னால" என்று சொல்லிக்கொடுப்பேன். அவர் விரல் ஓடும்.

"என்னா டீச்சர், கோடெல்லாம் இவ்ளோ கிட்டகிட்ட? இது ரோடா, இடியாப்பமா?"

திருத்திக் கொண்டுபோனால், "இந்த மூலை கீறுது, உப்புத்தாள் போடுங்க" என்பார். எட்டுப் பலகை செய்தேன். எட்டாவதைத் தடவிவிட்டு, "கடையிலருந்து ரைட்ல போனா பஸ் ஸ்டேஷன். லெஃப்ட்ல மூடி இல்லாத லோங்காங், அந்தப் பக்கம் போகக்கூடாது. சரியா?" என்றார். நூற்றுக்கு நூறு சரி. அந்த ஆழமான சாக்கடைக்கென்று பலகையில் சொரசொரப்பாக ஒரு பட்டை வைத்திருந்தேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தில் கடையில் எல்லாருக்கும் தே தாரிக் டீ வாங்கிக்கொடுத்தேன்.

2. சுவர்

சூப்பர்வைசர் ஒரு வேலையாகச் சிங்கப்பூர் வந்தவர், ஒரே ஒரு நாள் கிள்ளானுக்கும் வருகிறேன் என்றார். அவசர அவசரமாகப் பலகையை அந்தக் கடைவரிசையின் சுவரில் மாட்டினேன். ஆய்வேட்டுக்கு நல்ல படம் ஒன்று வேண்டும். மாணிக்கம் அண்ணனை டாக்சியில் கூட்டிப்போனேன்.

சூப்பர்வைசருக்கு மாலையில் விமானம். மேகம் வேறு மூடிக்கொண்டு வந்தது. வெளிச்சம் போய்விடுமே என்று எனக்குப் பதற்றம். அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயும் கை போகாது என்பார்கள், எனக்கு மூளையே போகவில்லை.

"அண்ணே, குச்சியை என்கிட்ட குடுங்க. பலகையைப் படிச்சிட்டு நீங்களா நடக்கிற மாதிரி படம் வரணும்."

கொடுத்தார். பலகையைத் தடவினார். க்ளிக். விரலை எடுக்காமல் கேட்டார்:

"டீச்சர், மேசையில ரோடு எனக்கு முன்னாலன்னு சொன்னீங்க. இப்ப லோரி சத்தம் முதுகுல கேக்குதே?"

இந்தக் கேள்விக்குள் என் ஆராய்ச்சி முழுவதும் இருந்தது. சுவரைப் பார்த்து நிற்பவருக்குத் தெரு பின்னால். பலகையில் வலது என்றிருப்பது அங்கே இடது. கண்ணை மூடி ஒரு நிமிஷம் அந்த இடத்தில் நின்றிருந்தால் எனக்கே புரிந்திருக்கும். நான் கேமராவுக்குள் கண்ணை விட்டுக்கொண்டு நின்றேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. மேசையில படிச்ச மாதிரியே நடங்க."

"டீச்சர் சொன்னா சரிதான் லா" என்று வலப்பக்கம் திரும்பி நடந்தார். பத்தடி இருக்கும். நான் இரண்டாவது படத்துக்கு ஃபோகஸ் செய்துகொண்டிருந்தபோது ஆள் கேமரா சட்டத்துக்குள் இல்லை. லோங்காங்குக்குள் கிடந்தார். வலது மணிக்கட்டு இரண்டாக உடைந்திருந்தது. மசாஜ் செய்கிறவருடைய வலது கை!

3. வைவா

ஆஸ்பத்திரி வாசலில் சூப்பர்வைசர் என் தோளைத் தட்டினார். "டிரயல் போன மாதமே முடிந்துவிட்டது. இது வெறும் ஃபோட்டோ செஷன். டேட்டாவில் சேராது" என்றார்.

அந்த வார்த்தையில் ஒட்டிக்கொண்டேன். சொன்னவர் அவர், பிடித்துக்கொண்டவள் நான். பலகையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி முந்நூறு பக்கம் எழுதினேன். வைவாவில் ஒரு எக்ஸாமினர், "பலகையை அந்த இடத்திலேயே மாட்டிப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். "படம் நாற்பத்தேழு பாருங்கள்" என்றேன். பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். பாஸ். பெரியம்மாவே எல்லாரிடமும் என்னை டாக்டர் என்று சொல்லித் திரிந்தார். ஆசைப்பட்டது கிடைத்தது, ஆனால் அன்று சாப்பிட உட்கார்ந்தபோது சோறு இறங்கவில்லை.

மாணிக்கம் அண்ணன் கை கூடியது, பலம் கூடவில்லை. பட்டம் வாங்கும்வரை இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். அப்புறம் போகவில்லை. முகம் இல்லை.

4. டெலிபோன்

சில வருஷம் கழித்து ஏதோ வேலையாக ஒரு பேங்குக்குப் போன் செய்தேன். ஆபரேட்டர் என் குரலைக் கேட்டதும், "டீச்சரா? இப்ப டாக்டர்னு கூப்பிடணுமோ?" என்றார். மாணிக்கம் அண்ணன்தான். மசாஜை விட்டு ஆபரேட்டர் பயிற்சிக்குப் போய் வேலை வாங்கிவிட்டாராம். குரலில் பழைய சிரிப்பு.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் டீச்சர். நான் விழுந்ததைப் புத்தகத்துல எழுதினீங்கதானே? எழுதினாத்தானே அடுத்துப் பலகை செய்யறவங்க எந்தப் பக்கம் மாட்டறதுன்னு தெரிஞ்சுக்குவாங்க?"

"எழுதியிருக்கேண்ணே."

"அப்ப சரி லா. கை வீணாப் போகலை. இருங்க, லைன் குடுக்கறேன்."

யாரோ எடுத்து ஹலோ ஹலோ என்றார்கள். நான் ரிசீவரை வைத்துவிட்டேன். மறுபடி அந்த பேங்குக்குப் போன் செய்யவில்லை.

பிள்ளைகளே, படிப்பவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாரோ அந்தப் பக்கம்தான் வரைபடத்தின் மேல்பக்கம். மாட்டப்போகும் சுவரிலேயே மாட்டிச் சோதியுங்கள். சோதனையில் ஒருவர் விழுந்தால், உங்கள் ஆய்வேட்டின் முதல் பக்கம் அதுதான். டிரயல் முடிந்துவிட்டது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

என் ஆய்வேடு இன்னும் நூலகத்தில் இருக்கிறது. படம் நாற்பத்தேழில் மாணிக்கம் அண்ணனின் வலது கை பலகைமேல் இருக்கிறது. உடைவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் எடுத்தது.

அண்ணே, இன்றைக்குத்தான் எழுதுகிறேன். அன்று போனில் சொன்னது பொய்.