இறுகிய வரிசைகள்

மினசோட்டாவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவும் மார்லிஸ், வாழ்க்கையில் முதல்முறையாகக் குரோஷா ஊசி பிடித்துத் தனக்கென்று ஒரு மஞ்சள் கவுன் பின்னிக்கொண்டிருந்தாள். தோளில் தொடங்கிய பின்னல் இடுப்புவரை வந்துவிட்டது. மத்தியான இடைவேளையில், கூட வேலை செய்யும் டெனிஸிடம் அதைப் பெருமையாக விரித்துக் காட்டினாள்.

டெனிஸ் சிரித்துவிட்டாள். "ஏண்டி, இது கவுனா, கம்பளிப்புழுவா? நாலு விரல் அகலத்துக்கு நல்லா இருக்கு. அப்புறம் ரெண்டு வரிசை கழுத்தை நெரிச்ச மாதிரி இறுகிக் கிடக்கு. மறுபடி அதே கதை!"

"புதுசுதானே, கை பழகல."

"கை பழகலைன்னா கோணல்மாணலா வரும். இது கணக்கா வருதே." இறுகிய வரிசைகளை ஒவ்வொன்றாகத் தடவிய டெனிஸின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "தினம் எப்போ பின்னுவ?"

"சாயங்காலம். என் வீட்டுக்காரர் வர்ற வரைக்கும்."

டெனிஸ் கவுனை மெதுவாக மடித்து அவள் கையில் கொடுத்தாள்.

அன்று மாலை மார்லிஸ் வேண்டுமென்றே நூலைத் தளர்த்திப் பிடித்தாள். வரிசைகள் அழகாக விழுந்தன. வாசலில் வீட்டுக்காரரின் வண்டி வந்து நின்றது. அதன் கதவைப் படாரென்று சாத்தும் சத்தம் கேட்டது.

அவள் குனிந்து பார்த்தாள். கடைசியாகப் போட்ட கண்ணி இறுகிக் கிடந்தது; அதற்குள் ஊசி நுழையவே இல்லை.