தாடி வெளுத்த சூசையப்பர்

என் வீட்டு வாசல் படலையடியில், கல் மாடமாய்க் கட்டிய கெபியில் சூசையப்பர் சிலையாக நிற்கிறார். நல்ல மரணம் தருபவர் அவர். எழுபது வயதானபோது அந்தத் தேவைக்காகவே அவரை வைத்தேன். கெபி மேற்குப் பார்த்தது. நாளுக்கு ஐந்தேகால் மணி நேரம் அவர் முகத்தில் வெயில் விழும். மணிக்கூடு வைத்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் பள்ளிமுனைக் கடற்கரை வெயிலோடு உப்புக் காற்றும் சேர்ந்தால் எந்த நிறமும் நிலைக்காது. முதலில் அங்கியின் மண்ணிறம் பால் கூடிய தேநீர் போலானது. ஒன்பதாம் வருடம் தாடியே காணாமல் போனது. செதுக்கிய தாடி அல்ல, பூசிய தாடி.

கையில் குழந்தையும் லீலிப் பூவும் இருந்து, தாடி இல்லையென்றால் எங்கள் பக்கத்தில் அது அந்தோனியார். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருபவர். பக்கத்து வீட்டுக்காரி தொலைந்த ஆட்டுக்காக, அந்தோனியாருக்குரிய ஒரு செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி கொளுத்தினாள். ஆடு வந்துவிட்டது. அடுத்த செவ்வாய் ஏழு திரி, அதற்கடுத்தது பத்தொன்பது. பூட்டுத் திறப்பு, தோடு, வலை, கைபேசி கேட்டார்கள். நல்ல மரணம் ஒருவரும் கேட்கவில்லை.

எனக்குப் பயம் வந்தது. நான் கண் மூடும் நேரத்தில் இவர் யாருடைய திறப்பையோ தேடிக்கொண்டிருந்தால்?

படகுக்குப் பூசும் பெயின்ற் வாங்கிக்கொண்டு தாடி வரையக் கெபியடிக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள்.

"மாஸ்டர், அந்தோனியாருக்கு ஏன் தாடி கீறுறியள்?"

"இவர் சூசையப்பர், பிள்ளை. வெயில்தான் தாடியை வழிச்சுப் போட்டுது."

"அப்ப என்ரை ஆட்டைப் பிடிச்சுத் தந்தது ஆர்?"

முப்பத்தாறு வருடம் கணக்குப் படிப்பித்தவன் நான். திரி, ஆடு, செவ்வாய் என்று விரல் மடித்துக் கூட்டிப் பார்த்தேன்.

"உங்களுக்குச் சாகத்தானே வேணும்? செவ்வாயை எங்களுக்கு விட்டுட்டு மிச்ச ஆறு நாளையும் நீங்களே வைச்சிருங்கோவன்."

தாடி கீறினேன். அவள் கொரோனாக் காலத்தில் மிஞ்சிய மாஸ்க் பெட்டியைக் கொண்டுவந்தாள். செவ்வாய் விடிந்ததும் தாடி மறைய நீல மாஸ்க் ஒன்றை அவருக்கு மாட்டுவாள். அன்று அவர் அந்தோனியார். பொழுதுபட்டதும் கழற்றிக் கெபி ஆணியில் கொழுவிவிடுவாள்.

ஆனால் ஏழில் ஒரு நாள் எனக்கு ஆளில்லை. செவ்வாய்க்கிழமைகளில் நான் கிணற்றடிக்குப் போவதில்லை, முள் மீன் தின்பதில்லை. நெஞ்சு கரித்தால் புதன் வரட்டும் என்று கதிரையில் அசையாமல் இருக்கிறேன்.

மூன்று மாதத்தில் மாஸ்க்கும் வெளுத்து நைந்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பெட்டியில் இன்னும் நாற்பத்தேழு இருக்கிறதாம். ஒன்றுக்கு மூன்று மாதப்படி கணக்குப் போட்டுப் பார்த்தேன்: பதினொரு வருடமும் ஒன்பது மாதமும்.