சகலை வீட்டுச் சுட்டுவிரல்

சலூன்காரருக்குக் கத்தரி நின்றாலும் வாய் நிற்காது. அப்பேர்ப்பட்டவரின் மகன் ஒன்றரை வயதாகியும் ‘அப்பா’ என்று ஒரு தடவை கூப்பிடவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். அதே மாதம் பிறந்த சகலையின் மகள் வாயாடியாக வளர்ந்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

ஜன்னலில் காக்கையைக் கண்டால் அவள் விரலை நீட்டுவாள். உடனே திரும்பி, ‘நீயும் பாத்தியா?’ என்பதுபோல் அப்பாவின் முகத்தைப் பார்ப்பாள். வேன் ஓட்டுகிற சகலை பூரித்துப் போவார். சலூன்காரருக்கு வயிறு எரியும்.

குழந்தைகளின் பேச்சும் பழக்கமும் வயதுக்கேற்ப வளர்கிறதா என்று பார்க்க, சுகாதார நிலையத்தில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிவரச் சொன்னார்கள். சலூன்காரர் அதைப் பரீட்சையாகவே எடுத்துக்கொண்டார். மகனைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, அவன் விரலைப் பிடித்துக் கண்ணாடியை நோக்கி நீட்டி நீட்டிப் பழக்கினார். பையன் நாற்காலி சுற்றுவதிலேயே குறியாக இருந்தான்.

சகலையின் மகள் எல்லாவற்றையும் ஊதித் தள்ளிவிட்டாள். அடுத்து இவர்கள் முறை.

“எதையாவது விரல் நீட்டிக் காட்டுவானா?” என்று நர்ஸ் கேட்டார்.

“ஓ, காட்டுவானே!”

“பேர் சொன்னா திரும்புவானா?”

“டக்குனு திரும்புவான்.” பக்கத்தில் சகலை உட்கார்ந்திருக்கும்போது வேறென்ன சொல்வது?

“அப்ப கவலையில்லை. போயிட்டு அடுத்த வருஷம் வாங்க.”

ஜெயித்தாயிற்று. ஆனால் எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். ஒரு வருஷம் இவனை யாரும் பார்க்கப்போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“பொய் சொல்லிட்டேம்மா. விரல் நீட்ட மாட்டான். கூப்பிட்டா திரும்ப மாட்டான். பொம்மை வண்டியக் குடுத்தா சக்கரத்தை மட்டும் சுத்துவான். எதையும் காட்டி என் மூஞ்சியப் பாக்க மாட்டான்.”

“இவ்வளவு நல்லாக் கவனிச்சிருக்கீங்களே!”

“எங்க கவனிச்சேன்? சகலை பொண்ணப் பாத்து வயிறெரிஞ்சேன். அவ செய்யறதையெல்லாம் இவன் செய்யலைன்னு எரிஞ்சேன்.”

சகலை தலை குனிந்துகொண்டார்.

“எரிஞ்சது நல்லதாப் போச்சு. காது கேக்குதான்னு முதல்ல பாப்போம். பயிற்சியும் இப்பவே தொடங்கலாம்,” என்றார் நர்ஸ்.

வெளியே வந்ததும் பையன் தரையில் உட்கார்ந்து வேன் சக்கரத்தைத் தடவத் தொடங்கினான். சகலையின் மகள் அவனை நோக்கி விரலை நீட்டினாள். பிறகு திரும்பி, தன் அப்பாவை அல்ல, சலூன்காரரின் முகத்தைப் பார்த்தாள்.

அவருக்கு அப்போதும் வயிறு எரிந்தது.

“பாத்தேன்டா கண்ணு,” என்றார். “பெரியப்பா பாத்துட்டேன்.”