பெயர் தெரியாத உள்ளூர்ப் பெண்

எங்கள் வம்சத்தில் ஓர் ஐரிஷ்காரர் இருந்தார் என்று சொன்னால் ரங்கூனில் எங்கள் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் யாரும் நம்ப மாட்டார்கள். என் நிறம் அப்படி. தண்டவாளத்தை ஒட்டிய எங்கள் தெருவில் எனக்குத் ‘துரைசாணி’ என்று பட்டம். “என்ன துரைசாணி, இன்னிக்கு நம்மூர் மொஹிங்காவா, ரொட்டியும் வெண்ணெயுமா?” என்று மீன்காரி முதல் என் வீட்டுக்காரர் வரை கேலி பண்ணுவார்கள். பண்ணிவிட்டுப் போகட்டும். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

ஆனால் கதை உண்மை. பட்டாளத்தோடு ரங்கூனுக்கு வந்து, அதை விட்டு ரயில்வேயில் சேர்ந்த ஐரிஷ்காரர்தான் என் பூட்டன். பூட்டி, தஞ்சாவூர்ப் பக்கமிருந்து கப்பலில் வந்த கணக்குப்பிள்ளை ஒருவரின் மகள். இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவர் வெளுப்பு; அவர் பிள்ளைகள் வெள்ளைக்காரப் பெயரோடு வளர்ந்து ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். இளையவர் கறுப்பு, தமிழச்சியைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார். அவருடைய பேத்தி நான்.

மூத்தவரின் பேத்தி எனக்கு அக்கா முறை. ஐரிஷ் வம்சத்தைத் தேடி எடுக்கிறேன், பூட்டியின் பெயர் என்ன என்று அங்கிருந்து கேட்டாள். வீட்டில் நாங்கள் சொல்லும் பெயரை எழுதி அனுப்பினேன். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருக்கும், அவளே வந்து இறங்கினாள். சுருட்டிவைத்த பெரிய தாளொன்றை எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். அயர்லாந்தில் கார்க் பக்கத்துக் குடியானவர்கள், அவர்கள் ஞானஸ்நானம் பெற்ற மாதா கோயில், பஞ்சத்தில் செத்தவர்கள், பிழைத்தவர்கள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டம் போட்டிருந்தாள். அசந்துபோனேன். கடைசியில் பூட்டனுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம். அதில், ‘பெயர் தெரியாத உள்ளூர்ப் பெண்.’

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “பேரைத்தான் எழுதி அனுப்பினேனே!”

அவளும் தேடாமல் இல்லை. ரங்கூன் மாதா கோயில்களின் கல்யாண ஏடுகளை நகலெடுத்து அந்தக் காலத்தில் சீமைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பூட்டனின் பெயரில் பல பட்டாளத்துக்காரர்கள் இருந்தார்களாம். மணப்பெண்கள் எல்லாரும் கிறிஸ்தவப் பெயர்க்காரிகள். நான் சொன்ன பெயர் எதிலும் இல்லை.

“அப்போ கல்யாணமே நடக்கலைன்னுதானே அர்த்தம்? அந்தக் காலத்துல வீட்டு வேலைக்கு வந்த பொண்ணுங்களோட...” என்று ஆங்கிலத்தில் இழுத்தாள்.

“போதும் நிறுத்துக்கா. உனக்கும் அவதான் பூட்டி” என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

அந்த ஆத்திரத்தில்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. இங்கே எங்களில் ஆளுக்கு மூன்று பெயர். வீட்டுக்குத் தமிழ்ப் பெயர், பள்ளிக்கூடத்துக்குப் பர்மியப் பெயர், கோயிலுக்கு ஞானஸ்நானப் பெயர். எனக்கும் அப்படித்தான். இதையெல்லாம் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்பதால் அவளுக்கு எழுதும்போதும் தோன்றவில்லை. இந்துப் பெண் கோயிலில் கத்தோலிக்கனைக் கட்டுவதென்றால் முதலில் ஞானஸ்நானம். ஏட்டில் ஏறுவது அந்தப் புதுப் பெயர்தான்.

மறுநாள் அவளை இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். எங்கள் பங்குச் சாமியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, சண்டைக்கு வந்த மாதிரி இருக்கே?” என்றார்.

“சண்டைக்குத்தான் சாமி. பழைய ஏடெல்லாம் வேணும்.”

“யுத்தத்துல எரிஞ்சது போக மிச்சம்தான் இருக்கு. பார்த்துப் புரட்டு, பொடியாயிடும்.”

குழந்தைகளை விட்டுவிட்டு, பெரியவர்களாகி ஞானஸ்நானம் வாங்கியவர்களை மட்டும் பார்த்தேன். தகப்பன் கணக்குப்பிள்ளை என்று எழுதிய ஒருத்தி அகப்பட்டாள். அதே வாரத்துக் கல்யாணத்தை அடுத்த ஏட்டில் தேடினோம். இருந்தது! பூட்டன் பெயர், பட்டாளத்தின் பெயர், ஊர் கார்க். மணப்பெண்ணுக்குச் சாமியார் கொடுத்த புதுப் பெயர். அதற்குக் கீழே கையெழுத்துப் போடும் இடம்.

பூட்டன் கையெழுத்துப் போடவில்லை. எழுதத் தெரியாதவர்கள் போடும் பெருக்கல் குறிதான் போட்டிருந்தார். அக்காவின் விரல் அதற்கு அடுத்த இடத்தில் நின்றது. “இது என்ன கிறுக்கல்?”

கிறுக்கலா! பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பர்மியம்தான். ஞாயிற்றுக்கிழமைக் கோயில் வகுப்புக்கு அம்மா முதுகில் நாலு வைத்து அனுப்பி நான் படித்த தமிழ் அன்றைக்கு உதவியது. எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தேன். புதுப் பெயர் இல்லை அது. எங்கள் வீட்டில் சொல்லும் அதே பெயர். சாமியார் முன்னால், புருஷன் முன்னால், பேனாவை வாங்கித் தன் பெயரைத்தான் போட்டிருக்கிறாள். நகலெடுத்த புண்ணியவானுக்குத் தமிழ் தெரியாது, விட்டுவிட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

அக்கா பெருமூச்சு விட்டாள். “அப்பாடா, முறையான கல்யாணம்தான். எங்க வீட்டுல எல்லாருக்கும் நிம்மதி.”

“ஏன், தாலி கட்டாம வாழ்ந்திருந்தா அவ வயித்துல நம்ம தாத்தாக்கள் பொறந்திருக்க மாட்டாங்களா?” என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்து தாளை விரித்தாள். பழையதை அடித்துவிட்டு, அந்தக் கட்டத்தில் ஞானஸ்நானப் பெயரை எழுதப் போனாள். கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அது சாமியார் குடுத்தது. அவ கையால போட்டதை எழுது.”

“தமிழ்லயா? அங்க ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாதே.”

“தெரியலைன்னா கேக்கட்டும். கேட்டா சொல்லு, நம்ம பூட்டனுக்கு எழுதத் தெரியாது, பூட்டிக்குத் தெரியும்னு.”

அவள் தயங்கினாள். பேனாவைப் பிடுங்கி நானே எழுதினேன், கட்டத்தைத் தாண்டி அயர்லாந்துப் பக்கம் வரை போகும் அளவுக்குப் பெரிதாக.