கப்டான் கரை சேர்த்தது

நாய்க்கு வாத்துக்கால் உண்டு என்று நான் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எங்கள் கப்டானுடைய கால் விரல்களுக்கு நடுவே தோல் இருந்தது. நான் என் கையால் விரித்து மண் துடைத்துவிட்டிருக்கிறேன். இவர்கள் பார்த்ததெல்லாம் சோபாவில் ஏறிப் படுத்துக்கொண்டு பிஸ்கட்டுக்கு வாலாட்டும் ஜாதி.

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டி அப்போது வெள்ளைக்காரர்களின் பங்களாக்கள் இருந்தன. அவற்றில் ஒன்றில் என் நைனா படகு தள்ளிக்கொண்டிருந்தார். சுதந்திரம் வந்த மறுவருஷம் அந்தத் துரை சீமைக்குக் கப்பல் ஏறினார். நாயைக் கூட்டிப்போக என்ன தடையோ, சங்கிலியை நைனா கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாராம். கேப்டன் என்று பெயர். குப்பத்து வாயில் அது கப்டான் ஆயிற்று. கரேலென்ற நிறம், கன்றுக்குட்டி உயரம், உடம்பெல்லாம் சடை. அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது, நாயா கரடியா? இதுக்கு யாரு சோறு போடறது?" என்றாள்.

சோறு போட்டது அவளேதான். நொய்க்கஞ்சியில் காரப்பொடி மீனை வேகவைத்து ஒரு குண்டான் நிறைய வைப்பாள். குளிர்தேசத்து நாய்க்கு நம் வெயில் ஆகவில்லை. பூவரச மரத்தடியில் தானே குழி பறித்து, ஈர மண்ணில் வயிறு படக் கிடக்கும். மதியமானால் நைனா கிணற்றுத் தண்ணீர் இறைத்து அதன்மேல் ஊற்றுவார். உப்புத் தண்ணீர் நின்றால் காது சீழ் பிடித்துவிடும் என்று துணியை விரலில் சுற்றித் துடைத்து, வேப்பெண்ணெய் விடுவார். சடை சீவுவது என் வேலை. பல் உடைந்த மரச்சீப்பால் சீவி, உண்ணிகளைப் பிடுங்கி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போடுவேன். எட்டு வயதில் எனக்கு இதைவிடப் பெரிய உத்தியோகம் வேறு இல்லை.

கப்டானுக்கும் ஓர் உத்தியோகம் இருந்தது. தண்ணீரில் விழுந்தவர்களைக் கரைக்கு இழுத்து வருவதற்கென்றே பழக்கிய நாய் அது. பல் படாமல் மணிக்கட்டைக் கவ்வி இழுக்கும். துரை வீட்டுக்கு அது சரி. எங்கள் குப்பத்திலோ நடை பழகும்போதே நீச்சலும் பழகிவிடுகிற பிள்ளைகள். அலையில் இறங்கி நாலு கை போடுவதற்குள் பின்னால் ஒரு கறுப்பு மண்டை வரும், கையைக் கவ்வும், தரதரவென்று மணலில் கொண்டு போட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போகும். கட்டுமரம் தள்ளும் ஆண்களையும் அது விடவில்லை. மீசை வைத்த ஆம்பளையை நாய் இழுத்து வந்து கரையில் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்! பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். "யோவ், ஒன் நாய கட்டிப் போடுய்யா, நாங்க தொழிலுக்குப் போவ வாணாமா?" என்று ஆண்கள் சண்டைக்கு வந்தார்கள். அதனால் கட்டுமரம் இறங்கும் நேரத்தில் நைனா அதைப் பூவரசில் கட்டத் தொடங்கினார்.

ஐப்பசியில் ஒருநாள் அது அப்படிக் கட்டப்பட்டிருந்த நேரத்தில்தான் மாமா போனார். மாமா என்றால் என் அத்தையின் புருஷன். அத்தை நைனாவின் ஒரே தங்கை. எல்லோர் கண்ணெதிரிலும் அலையில் மரம் கவிழ்ந்தது. கூட இருந்தவர் நீந்தி வந்தார், மாமா வரவில்லை. அவ்வளவு நேரமும் கப்டான் கயிற்றை இழுத்துக்கொண்டு ஊளையிட்டது. போய்ப் பார்த்தபோது கழுத்துச் சடை பிய்ந்து ரத்தம் வந்திருந்தது. "அவுத்து வுட்டிருந்தா இஸ்துகினு வந்திருக்கும்" என்று நைனா அன்று சொன்னதைச் சாகும்வரை சொன்னார்.

உடம்பு கரை சேரவில்லை. அதுதான் வம்பாகப் போயிற்று. உடம்பு வராமல் கருமாதி இல்லை, தாலி இறக்குவதில்லை என்பது எங்கள் குப்பத்து வழக்கம். புருஷன் கடலில் இருக்கும்வரை பெண்சாதி தலை சீவக்கூடாது என்பது இன்னொன்று. விடியலில் போகிறவர்கள் மதியம் வந்துவிடுவார்கள், பெண்கள் சாயங்காலம் சீவிக்கொள்வார்கள், அதில் கஷ்டம் ஒன்றுமில்லை. மாமாவோ போனவர் போனவர்தான். எங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட அத்தை ஏழு மாதம் தலையில் சீப்பு வைக்கவில்லை. அவளுக்கு இருபத்திரண்டு வயது. முடி கயிறாகத் திரிந்து, பேன் பிடித்து, பின்கழுத்தெல்லாம் புண்ணாகிவிட்டது. கல்யாண வீடுகளில் அவளைக் கூப்பிடவும் பயந்தார்கள், ஒதுக்கவும் பயந்தார்கள்.

குப்பத்து நியாயம் பேசும் பெரியதனக்காரரிடம் அவளே போய்க் கேட்டாள்: "செத்துட்டாருன்னு சொல்லுங்க, இல்ல கீறாருன்னு சொல்லுங்க. ரெண்டுமில்லாம நான் இன்னாத்த செய்யறது?" அவர், "கடலு குடுத்தாதாம்மா நாம எடுக்க முடியும்" என்று தலையைக் குனிந்துகொண்டார். நான் நாய்க்குச் சடை சீவும்போது அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சீப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மாமா போன பிறகு பிள்ளைகள் ஒருவரையும் அலையில் இறங்க விடவில்லை. கப்டானுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கடலைப் பார்த்தபடி குழியிலேயே கிடந்தது. கஞ்சியில் பாதியை அப்படியே வைத்தது.

வைகாசியில் ஓர் உச்சிப்பொழுது. காற்று அசையவில்லை. கரையில் ஏழெட்டுப் பேர் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். கப்டான் சட்டென்று எழுந்து தலையை நிமிர்த்தியது. பிறகு ஓடிப் போய்த் தண்ணீரில் விழுந்தது. கடலில் ஆள் இல்லை, மரம் இல்லை, மிதக்கும் கட்டைகூட இல்லை. நேராக நீந்திப் போய், அலைகளுக்கு அப்பால் ஓரிடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒருமுறை தலை முங்கி எழுந்தது. திரும்பி வரும்போது அதன் வாய் திறந்திருந்தது; உள்ளே ஒன்றும் இல்லை, ஆனால் பல் படாமல் எதையோ கவ்வியிருக்கும் வாய். கனத்த ஆளை இழுத்து வரும்போது எப்படித் திணறுமோ அப்படித் திணறிக்கொண்டு வந்தது. கரையேறியதும் பின்பக்கமாகவே நடந்து, நாலு அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கி, அலை தொடாத மணல்வரை கொண்டுவந்து வாயை விட்டது. பிறகு குனிந்து, முகம் இருக்கவேண்டிய இடத்தை நக்கியது. நக்கிவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

வலைக்காரர் ஒருவர் கிட்டப் போனார். அதுவரை மனிதரைப் பார்த்து உறுமியே அறியாத நாய், பல்லைக் காட்டி உறுமியது. மறுநாளும் அதே பொழுது, அதே இடம், அதே திணறல். "வெயிலு மண்டைக்கு ஏறிப்போச்சு அதுக்கு" என்றார் நைனா. மூன்றாம் நாள் குப்பமே கரையில் வந்து நின்றது.

அன்றும் கப்டான் இழுத்து வந்து போட்டுவிட்டுப் படுத்ததும், அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே நாயிடம் போனாள். கப்டான் உறுமவில்லை. எழுந்து ஓரடி தள்ளிப் படுத்து, அவளுக்கு இடம் விட்டது. மணல் ஆள் நீளத்துக்கு நனைந்திருந்தது. நாயின் சடையிலிருந்து சொட்டிய தண்ணீர்தான் என்று இப்போது சொல்லலாம்.

அத்தை மண்டியிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். "தெரியுதாடி?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு ஈரத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவள் விரல்கள் என் கையை நெரித்த நெரிப்பில் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"தெரியுது அத்தே."

"எப்படி கீறாரு?"

"தூங்கிகினு கீறாரு."

அத்தை "ஐயோ" என்று ஒரு கத்து கத்தினாள். ஏழு மாதமாக அடக்கி வைத்திருந்த கத்து அது. பெரியதனக்காரர் தோளிலிருந்த துண்டை இறக்கினார். "கொயந்த கண்ணுக்குத் தெரிஞ்சா அப்புறம் இன்னா? கரை சேந்துட்டான். ஆவ வேண்டியத பாருங்கப்பா" என்றார். வைக்கோலால் ஆள் செய்து அந்த ஈரத்தின்மேல் கிடத்தி, மாமாவின் வேட்டியைப் போர்த்தித் தூக்கினார்கள். கப்டானும் கூடவே சுடுகாடுவரை போயிற்று. திரும்பி வந்து குண்டான் கஞ்சி முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தது. அதன் பிறகு ஒருநாளும் ஆளில்லாத கடலில் அது இறங்கவில்லை. வேலைக்கென்று பிறந்த நாய் சும்மா கிடந்தால் தானே வேலையை உண்டாக்கிக்கொள்ளும் என்று பிற்காலத்தில் ஒரு மாட்டு டாக்டர் எனக்கு விளக்கினார். மகராசன், நன்றாக இருக்கட்டும். அப்படியானால் மூன்றாம் நாளோடு ஏன் நிறுத்திக்கொண்டதாம்?

கருமாதி முடிந்து அத்தை தலைமுழுகினாள். திரிந்த முடியையெல்லாம் அம்மா அரிவாள்மணையில் அறுத்துப் போட்டாள். மிஞ்சியதை அத்தை வெயிலில் உட்கார்ந்து சீவிக்கொண்டிருந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் பொய்யால் அல்லவா தாலி இறங்கியது! ஓடிப் போய், "அத்தே, அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே தெரியல. பொய் சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு, அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அத்தை சீவுவதை நிறுத்தவில்லை. "எனக்கு மட்டும் இன்னா தெரிஞ்சிதுன்றே? போடி" என்றாள்.

அவளுக்கு உயிர் பிழைத்துக் கிடக்க ஒரு பொய் வேண்டியிருந்தது. அதைத் தனியாகச் சொல்லத் துணிவில்லாமல்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். இதெல்லாம் எட்டு வயதுப் புத்திக்கு எங்கே எட்டப் போகிறது? எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை என்றால், கப்டான் மூன்று நாள் அவ்வளவு பாடுபட்டு இழுத்து வந்தது யாரை? வைக்கோலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, அந்த ஆளை அப்படியே மணலில் போட்டுவிட்டல்லவா வீட்டுக்கு வந்திருக்கிறோம்! அதற்கப்புறம் அந்தக் கரையில் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். அந்த இடம் வந்தால் மட்டும், படுத்திருப்பவர் காலை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டுதான் போவேன்.