அம்மாவின் மணல்மேடு

ரோட்டோரம் வெட்டிப்போட்ட புளியமரத்தின் ஈர வாசனை, இப்போது கரும்புக்கொல்லையாகிவிட்ட கச்சிராயபாளையத்து டென்ட் கொட்டகைக்கு என்னை இழுத்துப்போனது. அங்கே முன்னால் இருப்பவர் தலை மறைக்காமலிருக்க ஆளாளுக்கு மணலைக் குவித்து அதன்மேல் உட்காருவோம். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோடெல்லாம் மரங்களைச் சாய்த்திருந்ததால் ஒருநாள் படப்பெட்டி வரவில்லை. சிலோனிலிருந்து வந்து எங்களோடு கரும்பு வெட்டிய ராணியக்கா எழுந்து, முந்தின நாள் படத்தை ஒற்றை ஆளாக நடிக்க ஆரம்பித்தாள்.

“சிலோன்காரி இன்னா நடிச்சிடப் போறா” என்று முணுமுணுத்த அம்மாவே, பாதியில் எழுந்து தன் மேட்டைக் காட்டினாள். “பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியல. இதுமேல ஏறி நின்னுக்கினு நடி.”

சென்னையில் பல வருடம் அலைந்து ராணியக்கா நடிகையானாள். அவள் திரையில் வந்தால் அம்மா பக்கத்துச் சீட்டுக்காரரிடம் சொல்வாள்: “இவ எம் மேட்டுல நின்ன பொண்ணுங்க.”