காரைக்குடியில் நான் தேடிய கூட்டம்

பிள்ளைகளா, காரைக்குடியில் சாராயக் கடைக்கு எதிரே நிற்கிறேன். பயப்படாதீர்கள், உள்ளே போகவில்லை. குடியை விட்டவர்கள் கூடும் இடம் இந்த ஊரிலும் உண்டு என்று மதுரையில் எங்கள் கூட்டத்து நண்பர் சொன்னார். எங்கே என்றுதான் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்காவிட்டால் இன்று மாலை என் கால் எந்தப் பக்கம் போகும் என்று எனக்கே நிச்சயமில்லை.

கடை வாசலில் ஓர் அம்மாள் சுண்டல் விற்கிறார். வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்கிறேன்.

"எல்லாரும் இந்தக் கடைக்கு வழி கேட்டு வருவாக, நீங்க எதிர்ப்பக்கம் கேக்குறீகளே!" என்று சிரிக்கிறார். "அங்குட்டு, அரிசி மில்லுக்குப் பின்னாடி போங்கண்ணே. எங்க வீட்டுக்காரரும் அங்கதான் இருக்காக."

"பிறகு நீங்க இங்கே?"

"அவுகளக் கூட்டிட்டுப் போக தெனம் இங்க காத்துக் கெடந்தேன். சும்மா இருக்க முடியாம சுண்டல் அவிச்சு வித்தேன். அவுக குடியை விட்டுட்டாக, என்னால யாவாரத்தை விட முடியல!"

மில்லுக்குப் பின்னால் ஓட்டுக் கொட்டகை. பாயில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விடுகிறார்கள். நான் உட்காரவில்லை. நின்றபடியே, "நான் குடிகாரன். இன்றைக்குக் குடிக்கவில்லை" என்கிறேன்.

கொட்டகை அதிரக் கை தட்டுகிறார்கள். இன்றைக்கு உங்கள் அப்பா ஜெயித்துவிட்டான், பிள்ளைகளா.